தோட்டத்துக்கு வரும் நரிக்குச் சாப்பாடு வைக்கலாமா? பக்கத்து வீட்டோடு மனத்தாங்கல் ஆகிவிட்டது

கறிவேப்பிலை (ஹேரோ) · பிப்ரவரி 16

வணக்கம் எல்லோருக்கும். சமையல் பகுதியைத் தாண்டி நான் இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை.

இங்கே லண்டனில் எங்கள் வீட்டுப் பின்வளவு ஒரு நாற்பது அடி இருக்கும், கடைசியில் பழைய மர ஷெட் ஒன்று. போன நவம்பரில் ஒரு பெண் நரி வரத் தொடங்கியது. பின்னங்கால் ஒன்றைக் கொஞ்சம் தூக்கித்தான் நடக்கும். பார்க்கப் பாவமாக இருந்தது, மீந்த கோழிக்கறியைக் கழுவி ஒரு தட்டில் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். இப்போது தினமும் மாலை ஆறு மணிக்குச் சமையலறைக் கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்து கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். மகன் "செம்பி" என்று பேரும் வைத்துவிட்டான். போன வாரம் என் கையிலிருந்தே ஒரு துண்டு வாங்கித் தின்றது, அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

பிரச்சினை என்னவென்றால் பக்கத்து வீட்டில் ஒரு குஜராத்திக் குடும்பம். பத்து வருடப் பழக்கம், நவராத்திரிக்கு இனிப்பு வரும், பொங்கலுக்கு இங்கிருந்து போகும். அவர்கள் சுத்த சைவம். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு அம்மா வந்து மிகவும் மரியாதையாக, ஆனால் முகம் சுருங்க, தன் ரோஜாப் பாத்தியில் கோழிக்கால் எலும்பு புதைந்து கிடந்தது என்றார். மூன்றாவது தடவையாம். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

என் மாமியைக் கேட்டால், "ஊரிலே காகத்துக்கு வைக்காமல் நாம் சாப்பிட்டோமா, இதுவும் ஒரு வாயில்லாச் சீவன்தானே" என்கிறார். இவர், நிறுத்து என்கிறார். நிறுத்தினால் அது பட்டினி கிடக்குமா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

டூட்டிங்_மாமா · பிப்ரவரி 16

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி. நான் 1986இல் இந்த நாட்டுக்கு வந்தபோதே எங்கள் தெருவில் நரி இருந்தது. அதற்கு முன்னால் யார் கோழிக்கறி கழுவி வைத்தார்கள்? நிறுத்து பிள்ளை, ஒன்றும் ஆகாது.

நேர்_பேச்சு · பிப்ரவரி 16

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? நரி ஒரு தொல்லைப் பிராணி. கவுன்சிலை, அதாவது உள்ளாட்சி அலுவலகத்தை, கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் கையால் ஊட்டுகிறீர்களாம்! 2010இல் ஹாக்னியில் மாடி அறையில் தூங்கிக்கொண்டிருந்த இரட்டைக் குழந்தைகளை நரி கடித்தது மறந்துவிட்டதா?

கதவிலக்கம்_12 · பிப்ரவரி 17

நேர்_பேச்சு, கூப்பிட்டால் கவுன்சில் வராது. எலிக்கு வருவார்கள், கரப்பானுக்கு வருவார்கள். சட்டப்படி நரி இங்கே தொல்லைப் பிராணிப் பட்டியலிலேயே இல்லை. லண்டன் கவுன்சில்கள் ஒரு காலத்தில் நரி பிடித்துக் கொன்றுகொண்டுதான் இருந்தன, 1980களில் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. காசு போனதுதான் மிச்சம். ஒரு நரியை அகற்றினால் காலியான எல்லைக்குள் அடுத்தது வந்து உட்கார்ந்துவிடும். பிடித்துக் கொண்டுபோய் வேறு ஊரில் விடலாம் என்று சிலர் கேட்பார்கள், அதுவும் வேண்டாம். முன்பின் தெரியாத இடத்தில், வேறொரு நரியின் எல்லைக்குள் விடுவது கொல்வதற்குச் சமம், விலங்கு நலச் சட்டத்திலும் மாட்டலாம். விஷம் வைப்பது குற்றம். 1996 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சித்திரவதை செய்வதும் குற்றம்.

உணவு வைப்பது குற்றமில்லை. ஆனால் கறிவேப்பிலை அக்கா, ஒரு விஷயம் கவனியுங்கள். அயலவருக்குத் தொடர்ந்து தொந்தரவு வருகிறது என்று எழுத்தில் முறையிட்டால், 2014 சமூக விரோத நடத்தைச் சட்டத்தின்கீழ் கவுன்சில் உங்களுக்கு நோட்டீஸ் கொடுக்க முடியும். புறாவுக்குத் தீனி போட்டவர்களுக்கெல்லாம் அப்படிப் போயிருக்கிறது. வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தையும் ஒருமுறை பாருங்கள்.

ஹாக்னி சம்பவம் உண்மை. 2013இல் பிராம்லியில் ஒரு கைக்குழந்தையின் விரலைக் கடித்ததும் உண்மை. இத்தனை வருடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சம்பவங்கள் என்பதும் உண்மை. நாய்க்கடிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இந்த நாட்டில் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில்.

குரோய்டன்_பாலா · பிப்ரவரி 17

எண்ணிக்கை பேசுகிறவர்கள் என் கோழிக்கூட்டைப் பார்த்திருக்க வேண்டும். லாக்டவுன் சமயத்தில் ஆசையாக நான்கு கோழி வாங்கினேன், முட்டை கடையில் கிடைக்காத காலம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கூட்டின் கொக்கியைப் போட மறந்தேன். காலையில் நான்கும் செத்துக் கிடந்தன. தின்றது ஒன்றைத்தான். மற்ற மூன்றையும் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. பசிக்குத் தின்றால் கோபம் வராது, இது என்ன வெறி என்று அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதில் கொடுமை, இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி தினமும் அதற்கு நாய் பிஸ்கட் வைத்துக்கொண்டிருந்தாராம். வயிறு நிறைந்தால் வேட்டையாடாது என்று சொல்லாதீர்கள். நரிக்கு நாட்டாண்மை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

சுதா_வெட்நர்ஸ் · பிப்ரவரி 17

பாலா அண்ணா, அது வெறி இல்லை. காட்டில் ஒரு பறவை மாட்டினால் மற்றவை பறந்துவிடும். கூட்டுக்குள் எதுவும் பறக்க முடியாது, கண் முன்னால் படபடக்கிற வரைக்கும் அதன் மூளை "பிடி, பிடி" என்றுதான் சொல்லும். நீங்கள் காலையில் வராமல் இருந்திருந்தால் மீதி மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்திருக்கும். மீந்ததைச் சேமிப்பது நரியின் பழக்கம். குஜராத்தி அம்மாவின் ரோஜாப் பாத்தியில் நடந்ததும் இதுதான். கறிவேப்பிலை அக்கா வைப்பது அதன் பசிக்கு மேலே இருக்கிறது. மிச்சத்தை நாளைக்கு என்று அடுத்த வளவில் ஒளித்து வைக்கிறது. எங்கள் பாட்டி அரிசிப் பானைக்குள் காசு ஒளித்து வைத்த மாதிரி.

நான் லண்டனில் ஒரு கால்நடை மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். நிறுத்தினால் பட்டினி கிடக்காது. நகர நரி மண்புழு தின்னும், வண்டு, எலி, புறா, கீழே விழுந்த பழம், பறவைகளுக்குப் போட்ட கொட்டை, கோழிக்கடை வாசலில் எறிந்த பெட்டி எல்லாம் தின்னும். 2011இல் ஷார்ட் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தபோது 72ஆவது மாடியில் ஒரு நரி வாழ்ந்துகொண்டிருந்ததே, நினைவிருக்கிறதா? கட்டட வேலைக்காரர்கள் மிச்சம் வைத்ததைத் தின்றே அந்த உயரத்தில் காலம் தள்ளியது. இவ்வளவு கெட்டிக்காரப் பிராணி உங்கள் ஒரு தட்டை நம்பி இல்லை.

கால் தூக்கி நடப்பதற்கும் பயப்படாதீர்கள். வண்டியில் அடிபட்டு உடைந்து, தானாகக் கூடிய கால் நகர நரிகளிடம் சாதாரணம். ஓட முடிகிறது, வேலி ஏற முடிகிறது என்றால் விட்டுவிடலாம்.

எனக்குப் பிடிக்காதது தட்டு வைத்தது இல்லை, கையால் கொடுத்தது. அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் பார்த்து அது பயத்தை விட்டது, உங்களை மட்டும் பார்த்து விட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அதற்கு மனிதர் என்றால் மனிதர்தான். உங்கள் கை, எதிர்வீட்டுக் குழந்தையின் கை, நேர்_பேச்சு மாதிரி ஒருவர் கையில் இருக்கும் மண்வெட்டி, எல்லாம் ஒன்று. போன வருடம் எங்களிடம் ஒரு ஆண் நரியைத் தாடை உடைந்த நிலையில் கொண்டுவந்தார்கள். யாரோ ஒருவர் ஆசையாகக் கையால் ஊட்டிப் பழக்கியிருந்தார். அது இன்னொரு வீட்டுச் சமையலறைக்குள் அதே உரிமையோடு நுழைந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர் பயந்துபோய் வாரியல் கட்டையால் அடித்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நரியைக் கருணைக்கொலைதான் செய்ய வேண்டியிருந்தது.

நேர்_பேச்சு · பிப்ரவரி 17

என் கையில் மண்வெட்டி எல்லாம் இல்லை தங்கச்சி. ஆனால் சொன்னது புரிகிறது.

சேலத்துக்காரி (ரெடிங்) · பிப்ரவரி 17

எனக்கு இந்த இழையைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. எங்கள் பக்கம் வாழப்பாடியில் பொங்கல் சமயத்தில் காட்டுக்குப் போய் வங்கா நரியைப் பிடித்துவந்து, மாலை போட்டு, ஊரெல்லாம் கூடிப் பார்த்துவிட்டுத் திரும்ப விடுவார்கள். நரி முகத்தில் முழித்தால் அந்த வருடம் அதிர்ஷ்டம், மழை, விளைச்சல். வனத்துறை தடை போட்டு வருடா வருடம் பறந்து பறந்து பிடித்து அபராதம் விதிக்கிறது. அந்த வங்கா நரி பாவம் பூனையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான், அது படுகிற பாடு இருக்கிறதே. இங்கே எனக்குத் தினமும் காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் இலவசமாக நரி முகம். அதிர்ஷ்டம்தான் இன்னும் வந்தபாடில்லை, பஸ்ஸும் வந்தபாடில்லை.

சும்மா ஒரு திருத்தம், யாழ்ப்பாணத்து ஆட்கள் "ஊரில் நரி" என்று சொல்வது குள்ளநரி, அது வேறு இனம். இங்கே தோட்டத்துக்கு வருவது செந்நரி. மாமி காலத்து ரேபிஸ் பயத்தையும் இதற்கு ஏற்ற வேண்டாம். இந்த நாட்டு நாய் நரிகளிடம் 1922க்குப் பிறகு அந்த நோய் கிடையாது.

தோட்டக்காரன் (நியூ மால்டன்) · பிப்ரவரி 18

யாரும் கேட்காத கேள்வி ஒன்று கேட்கிறேன். கறிவேப்பிலை, செடிக்கு என்ன உரம் போடுகிறீர்கள்?

கறிவேப்பிலை · பிப்ரவரி 18

ஃபிஷ் பிளட் அண்ட் போன். தக்காளிக்கும் மிளகாய்க்கும் அதுதான் போடுவேன். ஏன் அண்ணா?

தோட்டக்காரன் · பிப்ரவரி 18

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மீன், இரத்தம், எலும்பு, மூன்றையும் பொடியாக்கி மண்ணில் கலந்துவிட்டு நரி வருகிறதே என்று கேட்கிறோம். அதன் மூக்குக்கு அங்கே ஒரு பிணம் புதைந்திருக்கிறது. அதனால்தான் புதிதாக நட்ட செடியாகப் பார்த்துத் தோண்டும். என் தோட்டத்தில் மூன்று வருடம் இதோடு மல்லுக்கட்டினேன், வெண்டைக்காய் நாற்று எல்லாம் காலையில் வேர் மேலே தெரியக் கிடக்கும். நரி விரட்டும் மருந்து, தண்ணீர் பீய்ச்சும் சென்சார், யாரோ சொன்னார் என்று ஆண்கள் சிறுநீர் (விவரம் வேண்டாம், வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்). உரத்தை மாற்றியதும் பாதி பிரச்சினை போய்விட்டது. கடல்பாசி உரம் போடுங்கள். கோழி எரு உருண்டை வேண்டாம், அதையும் மோப்பம் பிடிக்கும். மக்கிய இலை போதும்.

அந்தத் தண்ணீர் சென்சார் உண்மையிலேயே வேலை செய்கிறது, ஆனால் முதலில் நனைவது நீங்கள்தான்.

மல்லி_பிரெண்ட் (ஈஸ்ட் ஹாம்) · பிப்ரவரி 19

நான் எதிர்ப் பக்கம். எல்லோரும் நரியைக் கணக்குப் போட்டுப் பேசுகிறீர்கள். என் அம்மா இங்கே வந்து ஆறு மாதம் யாருடனும் பேசவில்லை. அப்பா போன பிறகு, குளிர், மொழி தெரியாது, பகல் முழுக்க நானும் இவரும் வேலைக்கு. அவரை எழுப்பி ஜன்னலுக்குக் கூட்டிவந்தது ஒரு நரிதான். இரவு பத்து மணிக்கு வரும். அம்மா ஒரு முட்டை அவித்து வைப்பார். இரண்டு வருடம் ஆகிறது, அது அதை மென்மையாக வாயில் கவ்விக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடும். கையால் கொடுத்ததில்லை, பேர் வைத்ததில்லை. யாருக்கு என்ன நஷ்டம்? இதையும் சட்டம், உரம் என்று பேசி நிறுத்திவிடலாமா?

சுதா_வெட்நர்ஸ் · பிப்ரவரி 19

மல்லி, உங்கள் அம்மா வைக்கிற மாதிரி வைத்தால் நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். ஒரு முட்டை, கதவிலிருந்து தள்ளி, இருட்டிய பிறகு, அன்றே தீர்ந்துவிடுகிற அளவு. நடுவில் இரண்டு நாள் வைக்காமல் விட்டால் இன்னும் நல்லது, அதற்கு நேரம் பழகக்கூடாது.

கறிக்குழம்பு மட்டும் யாரும் வைக்காதீர்கள். கழுவினாலும் உள்ளே இறங்கிய உப்பும் வெங்காயமும் போகாது, வெங்காயமும் பூண்டும் நாய் இனத்துக்கு இரத்தத்தைக் கெடுக்கும். திராட்சை, சாக்லேட் கூடாது. சமைத்த கோழி எலும்பு கூர்கூராக உடையும். வைத்தே ஆக வேண்டும் என்றால் சாதாரண டின் நாய் உணவு, ஒரு கரண்டி.

குரோய்டன்_பாலா · பிப்ரவரி 20

சரி, பூனை? எங்கள் பகுதியில் மூன்று வருடம் "பூனைக் கொலைகாரன்" என்று போலீஸே தேடியது, 2018இல் பார்த்தால் வண்டியில் அடிபட்டுச் செத்த பூனைகளை நரி வந்து கடித்திருக்கிறது என்று முடித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை.

சுதா_வெட்நர்ஸ் · பிப்ரவரி 20

அந்த முடிவு சரிதான் அண்ணா, பிறகு கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடல்களைப் பரிசோதித்ததிலும் நரியின் எச்சில் தடயம்தான் கிடைத்தது. வளர்ந்த பூனையும் நரியும் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும், நரி ஐந்து ஆறு கிலோதான், பார்க்கத்தான் பெரிதாகத் தெரியும். பூனைக்குட்டி, முயல், கோழி மூன்றையும் இரவில் வெளியே விடாதீர்கள்.

கறிவேப்பிலை · பிப்ரவரி 23

ஒரு செய்தி சொல்ல வேண்டும், வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

தெரு வாட்ஸ்அப் குழுவில் செம்பியின் படத்தைப் போட்டு, "இதற்கு வேறு யாராவது உணவு வைக்கிறீர்களா" என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் மூன்று பதில். 31ஆம் நம்பர் போலந்துக்காரர் தினமும் சாசேஜ். மூலை வீட்டு ஐரிஷ் தாத்தா ரொட்டியில் ஜாம் தடவி வைப்பாராம், அவருக்கு அது "மேரி". பின் தெருவில் ஒரு பெண் இரவு பதினொன்றுக்குப் பூனை உணவு. என்னோடு சேர்த்து நான்கு வீடு, நாங்கள் ஒவ்வொருவரும் நம்மை விட்டால் அதற்கு யாருமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அது மாலை ஆறிலிருந்து பதினொன்று வரை ஷிஃப்ட் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கோழிக்கால் எனதா, 31ஆம் நம்பருடையதா என்று இனி நீதிமன்றத்தில்தான் தீர்க்க வேண்டும்.

மாமி மட்டும், "பார், எத்தனை நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள்" என்கிறார்.

இன்னொன்று. வால் நுனியில் கொஞ்சம் மயிர் உதிர்ந்த மாதிரி இருக்கிறது. இது என்ன?

சுதா_வெட்நர்ஸ் · பிப்ரவரி 23

சொறியாக இருக்கலாம். மேஞ்ச் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் துளை போட்டுக்கொண்டு போகும், பெரும்பாலும் வால், பின்பக்கத்திலிருந்துதான் தொடங்கும். சொறிந்து சொறிந்து மயிர் கொட்டி, புண்ணாகி, கவனிக்காமல் விட்டால் சில மாதத்தில் உயிரே போகும். 1994இல் பிரிஸ்டல் நகரத்தில் இது பரவி, இரண்டே வருடத்தில் அங்கிருந்த நரிகளில் 95 சதவீதத்துக்கு மேல் செத்துப்போயின. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஸ்டீபன் ஹாரிஸ் பல வருடமாக அந்த நரிகளைப் பின்தொடர்ந்துகொண்டிருந்ததால்தான் இவ்வளவு துல்லியமாகத் தெரியும். அப்போது அங்கே நரிகள் மிக நெருக்கமாக வாழ்ந்தன. நெருக்கம் இருந்தால் பூச்சிக்குக் கொண்டாட்டம்.

நான்கு வீட்டுத் தட்டும் ஒரே வட்டாரத்தில் இருந்தால் செம்பி மட்டும் வராது. அதன் மகள் வரும், பக்கத்து எல்லைக்காரன் வருவான், எல்லாம் ஒரே தட்டில் முகம் வைக்கும். அன்பாக வைக்கிற சாப்பாடு நோய் பரப்புகிற இடமாக மாறுவது இப்படித்தான்.

இணையத்தில் பார்த்துவிட்டு நாய்க்கான பூச்சி மருந்தை வாங்கி இறைச்சியில் கலந்து வைத்துவிடாதீர்கள். யார் தின்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கோலி இன நாய் ஒன்று அதைத் தின்றால் உயிருக்கே ஆபத்து, அதில் இருக்கக்கூடிய ஐவர்மெக்டின் என்ற மருந்து அந்த இனத்துக்கு ஒத்துக்கொள்ளாது. ஹோமியோபதி சொட்டு என்று ஒன்றும் சொல்வார்கள், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நல்ல வெளிச்சத்தில் இரண்டு மூன்று படம் எடுத்து நரி மீட்பு அமைப்பு ஒன்றுக்கு அனுப்புங்கள். கென்ட்டிலும் தென்கிழக்கு லண்டனிலும் ஃபாக்ஸ் புராஜெக்ட் இருக்கிறது, உங்கள் பக்கத்துக்கு யார் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வால் நுனி மட்டும் என்றால் சண்டையில் போனதாகவும் இருக்கலாம். ஜனவரி இனச்சேர்க்கைக் காலம், அப்போது எல்லோரும் எல்லோரையும் கடிப்பார்கள். அந்தக் குழந்தை அழுகிற மாதிரிக் கத்தல் கேட்டதா?

கறிவேப்பிலை · பிப்ரவரி 23

ஐயோ, அதுவா! ஜனவரியில் ஒரு இரவு இவர் யாரையோ கொலை செய்கிறார்கள் என்று போலீஸுக்கு 999 அடிக்கப் போனார்.

சுதா_வெட்நர்ஸ் · பிப்ரவரி 23

அதேதான். அப்படியானால் வயிற்றில் குட்டி இருக்கலாம். 52, 53 நாள் கணக்கு, மார்ச் நடுவில் போடும். அப்போது சில நாள் காணாமல் போகும், பயந்துவிடாதீர்கள். உங்கள் ஷெட்டுக்குக் கீழே துளை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். குட்டி போட்ட பிறகு அடைக்கவே கூடாது, உள்ளே செத்துப்போகும்.

டூட்டிங்_மாமா · பிப்ரவரி 24

மாணிக்கவாசகருக்காகச் சிவபெருமான் நரியைப் பரியாக்கினார், இரவோடு இரவாக அவை மறுபடி நரியாகி லாயத்தில் இருந்த மற்றக் குதிரைகளையும் கடித்துக் குதறின. கடவுளே வளர்த்தும் நரி நரிதான். இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

(ஆனால் மல்லியின் அம்மாவிடம் முட்டையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.)

கறிவேப்பிலை · மார்ச் 2

செய்ததைச் சொல்கிறேன். தெருக் குழுவில் பேசி நான்கு வீடும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வாரத்துக்கு ஒரு வீடுதான், அதுவும் வாரத்தில் மூன்று நாள், ஒரு கரண்டி, எலும்பு இல்லாமல், வேலியோரம். ஜாம் தாத்தா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, மேரிக்கு ஜாம்தான் பிடிக்கும் என்றார். என் பெரிய வேலை கதவைத் திறக்காமல் இருப்பது. முதல் மூன்று நாள் ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்து என்னையே பார்த்தது. நான் விளக்கை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன், சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் பத்து நிமிடம் இருந்தது. ஆறாம் நாள் வந்து, நின்று, போய்விட்டது. மகன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

குஜராத்தி அம்மாவின் பாத்தியை நானே போய்க் கிளறி மூன்று எலும்பும் ஒரு பாதி சாசேஜும் எடுத்தேன். அவர் தேநீர் போட்டுத் தந்தார். உரத்தையும் மாற்றிவிட்டேன் அண்ணா.

படம் அனுப்பியதற்குப் பதில் வந்தது, சொறி மாதிரித் தெரியவில்லையாம், இரண்டு வாரம் கழித்து இன்னொரு படம் கேட்டிருக்கிறார்கள்.

குரோய்டன்_பாலா · மார்ச் 2

மூன்று நாள் என்பதே அதிகம். ஆனால் நீங்கள் கதவைத் திறக்கவில்லை பாருங்கள், அதற்கு ஒரு கும்பிடு.

கறிவேப்பிலை · மே 4

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். மார்ச் 19இலிருந்து பத்து நாள் காணவே இல்லை. பிறகு மெலிந்துபோய் வந்தது, மடி தெரிந்தது. வாலில் மயிர் திரும்ப முளைத்துவிட்டது. நேற்றுக் காலை ஐந்து மணிக்கு ஷெட் பக்கத்தில் மூன்று குட்டி, உள்ளங்கை அகலம் முகம், ஒன்று என் மிளகாய்த் தொட்டிக்குள் ஏறி விழுந்தது. நான் ஜன்னலுக்குள்தான் நின்றேன். செம்பி என்னைப் பார்த்ததும் குட்டிகளை ஒரு சத்தத்தில் உள்ளே அனுப்பிவிட்டது. முன்பு என்றால் என்னிடம் வந்திருக்கும். எனக்கு அது வலித்தது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்றும் தெரிகிறது.

கேள்வி: எப்போது ஷெட்டின் அடியை அடைக்கலாம்?

தோட்டக்காரன் · மே 4

ஆகஸ்ட் வரை கை வைக்காதீர்கள். அதற்குள் அவை அங்கே தங்குவதை விட்டுவிடும். பிறகு வாசலில் செய்தித்தாளைச் சுருட்டி லேசாக அடைத்துவிட்டு நான்கு ஐந்து நாள் பாருங்கள். கலையவில்லை என்றால் உள்ளே ஆள் இல்லை. அப்புறம் கெட்டியான கம்பி வலையை ஒரு அடி ஆழம் இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக எல் வடிவில் ஒரு அடி மடித்துப் புதையுங்கள். கோழிக்கூட்டு மெல்லிய வலை வேண்டாம், கடித்துவிடும்.

சேலத்துக்காரி · மே 5

மூன்று குட்டி முகத்தில் முழித்திருக்கிறீர்கள். லாட்டரி வாங்குங்கள் அக்கா.

புது_உறுப்பினர்_407 · மே 9

வணக்கம், வெளியே விட்டிருந்த என் கணவரின் இடது கால் செருப்பைக் காணவில்லை. வலது இருக்கிறது. நாங்களும் ஹேரோதான். இதுவும் நரியா?

கறிவேப்பிலை · மே 9

தோல் செருப்பா, பழுப்பு நிறமா? எங்கள் ஷெட்டுக்கு முன்னால் கிடக்கிறது. ஒரு குட்டி அதன் மேல் தூங்குகிறது, எழுந்ததும் எடுத்து வைக்கிறேன்.